உப்புக் காற்றில் ஒரு குளியலறை

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் பழைய வீடு ஒன்றின் கீழ்ச்சுவரை மார்கழியில் தொட்டால் கை ஈரமாகும். அதே இடத்தை ஆடியில் தொட்டால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டும். கூரை ஒழுகவில்லை, குழாயும் வெடிக்கவில்லை. ஆனாலும் சுவர் நனைகிறது, பிறகு தானே காய்கிறது. இப்படிப்பட்ட வீட்டில் படுக்கையறையோடு சேர்த்து மனதுக்கு இதமான ஒரு குளியலறை அமைக்க நினைப்பவர், டைல்ஸ் கடைக்குப் போகும் முன் இந்தச் சுவரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இதற்கெல்லாம் காரணம் உப்பு. கடற்காற்றில் மிதந்து வரும் உப்பும், நிலத்து ஈரத்தோடு அத்திவாரம் வழியே ஏறும் உப்பும் சுவரின் நுண்துளைகளில் தங்கிவிடுகின்றன. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சாதாரணக் கறியுப்பு காற்றில் உள்ள நீராவியை இழுத்துத் தானே கரைந்துவிடும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காக இறுகும். திருமலையின் காற்று இந்த எல்லைக்கு மேலும் கீழுமாக ஆடுகிறது. ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை வாடை வீசும். ஆண்டு மழையின் பெரும்பகுதி அப்போதுதான். உப்பு கரைந்து சுவர் நசநசக்கும். மே தொடக்கம் ஓகஸ்ட் வரை கச்சான். தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 10 பாகை சூடேறி, வறண்டு வந்து சேர்கிறது. அதன் பகல் வெக்கையில் சுவருக்குள் உப்பு பளிங்காகிறது. வளரும் பளிங்கு துளையின் பக்கங்களை நெருக்கித் தள்ளும். அந்தத் தள்ளலுக்குக் கல்லே பொடியாகும்.

உப்பு எங்கே பளிங்காகிறது என்பதில்தான் சுவரின் ஆயுள் இருக்கிறது. மேற்பரப்பில் ஆனால் வெறும் வெள்ளைப் பூப்பு, தும்புத்தடியால் தட்டிவிடலாம். பூச்சுக்குப் பின்னால் ஆனால் பூச்சே உப்பிக் கழன்று விழும். ஒல்லாந்தர் காலத்திலும் ஆங்கிலேயர் காலத்திலும் இங்கே கட்டிய மேசன்மார் முருகைக்கல்லும் செங்கல்லும் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, சுண்ணாம்பாலேயே பூசினார்கள். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் நிறைய. ஈரம் சுவரின் முகத்துக்கு வந்து காற்றோடு போய்விடும், உப்பு வெளியே பூக்கும். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை பூச்சு பொடிந்தால் அதைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவார்கள். கல்லைக் காப்பாற்றத் தன்னைக் கொடுப்பதுதான் அந்தப் பூச்சின் வேலை. அதன் மேல் சீமெந்து பூசினால் கதை மாறிவிடும். சீமெந்து கடினமானது, ஈரத்தை எளிதில் விடாது. உள்ளே வந்த நீர் வெளியேற வழியின்றிச் சீமெந்துக்குப் பின்னால் தேங்கும். உப்பும் அங்கேயே இறுகும்.

இப்போது அந்தச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை டைல்ஸ் பதிப்பதாக வைத்துக்கொள்வோம். நிலத்து ஈரம் சுவரில் எவ்வளவு உயரம் ஏறும் என்பது இரண்டு விசைகளின் பேரம். நுண்துளைகள் நீரை மேலே இழுக்கின்றன, சுவரின் முகம் அதை ஆவியாக்கி வெளியே அனுப்புகிறது. முகத்தை மூடினால் இழுவை மட்டும் மிஞ்சும். இரண்டடி உயரத்தில் நின்ற ஈரக்கோடு டைல்ஸுக்குப் பின்னால் நாலடி, ஐந்தடி என்று ஏறி, அடுத்த பக்கத்துப் படுக்கையறைச் சுவரில் வெளிப்படும். குளியலறையில் போட்ட காசுக்குத் தண்டனையாகப் படுக்கையறையில் பூச்சு உதிரும். பழைய வீடுகளில் நடக்கும் புதுப்பிப்பு வேலைகளில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். நல்ல மனதோடு, நிறையப் பணத்தோடு, நூறாண்டு நின்ற சுவரைப் பத்தாண்டில் கெடுத்துவிடுகிறோம்.

அதனால் இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே கேள்வியைத்தான் சுற்றி வரும்: இந்த அறைக்குள் வரும் நீர் எந்த வழியாக வெளியேறப் போகிறது? வடிகால் நீரை மட்டும் சொல்லவில்லை. ஆவியாக, ஈரமாக, வியர்வையாக வருவதையும் சேர்த்துத்தான்.

படுக்கையறையோடு ஒட்டிய குளியலறை இங்கே புதிதாக வந்து இறங்கியதும் அல்ல. நம்முடைய வீடுகளில் குளிப்பு கிணற்றடியில். கக்கூஸ் வளவின் கோடியில். ஆனால் இந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலேயர் கட்டிய பங்களாக்களில் படுக்கையறைக்குப் பக்கத்திலேயே சிறு குளியலறை இருந்தது. அதற்கு வெளிப்பக்கமாக இன்னொரு கதவு. வேலையாள் அதன் வழியே தண்ணீர் கொண்டுவருவார், கழிவை எடுத்துப் போவார். ஒரு மூலையில் தரையைச் சற்றுத் தாழ்த்தி, சுற்றிலும் சிறு வரம்பு கட்டி, சுவரில் ஒரு துளையிட்டு நீரை வெளியே விட்டிருப்பார்கள். அந்த வேலைமுறையில் இருந்த சாதி இழிவையும் அடிமைத்தனத்தையும் ஒருபோதும் மறக்கக் கூடாது. ஆனால் கட்டடக் கலையாகப் பார்த்தால் அந்த அறையில் ஒரு தெளிவு இருந்தது: நனையும் இடம் ஒரு மூலை, மற்றதெல்லாம் உலர்ந்த இடம், வெளிச்சுவர் எப்போதும் உண்டு, கதவைத் திறந்தால் காற்று உண்டு. 1795-இல் ஆங்கிலேயர் திருமலையைக் கைப்பற்றியதிலிருந்து 1957-இல் கடற்படைத் தளத்தைக் கையளித்ததுவரை இந்த ஊரில் எழுந்த பங்களாக்களில் வாழ்வதற்கு ஒரு வீடு கிடைத்தவர், முதலில் அந்த அறை எங்கே இருந்தது என்று தேடிப் பார்க்கட்டும். பழைய வடிகால் துளை கண்ணில் பட்டால் பாதித் திட்டம் கையில் கிடைத்த மாதிரி.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2-ஆம் திகதிக்கு முற்பட்ட கட்டடங்களைத் தொன்மைச் சின்னங்களின் வரையறைக்குள் கொண்டுவருகிறது. ஒல்லாந்தர் காலச் சுவர் ஒன்று உங்கள் வீட்டுக்குள் இருந்தால், அதில் ஆணி அடிக்கும் முன்பே தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்க வேண்டும். பிந்திய வீடுகளுக்கு அந்தத் திகதி பொருந்தாவிட்டாலும் அதே பணிவு பொருந்தும். எதைச் செய்தாலும் பிறகு கழற்றிவிடக் கூடியதாகச் செய்வது நல்லது. ஷவர் மூலைக்குப் பழைய சுவரில் டைல்ஸ் ஒட்டாமல், இரண்டு அங்குலம் தள்ளி ஒரு மெல்லிய புதுத் தடுப்பு எழுப்பி, அதில் ஒட்டலாம். இடைவெளியை அடியிலும் மேலேயும் திறந்து விட்டால் பழைய சுவர் அந்த இடுக்கில் காற்று வாங்கும். குழாய்களும் அதற்குள்ளேயே போகும். கல்லைக் கொத்த வேண்டியதில்லை.

இனி இதம் என்பதற்கு வருவோம். குளித்தால் மனம் ஏன் அடங்குகிறது? நகரத்துக்கு வெளியே, அநுராதபுரம் வீதியை ஒட்டிய கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது ஐதீகம்; இன்றும் அந்தியேட்டிக் கிரியைக்கு அங்கே போகிறார்கள். அடுத்தடுத்து நிற்கும் கிணறுகளில் வெப்பநிலை சிறிது வேறுபடும், 40 பாகை செல்சியசை ஒட்டி இருக்கும். எரிமலை எதுவும் இங்கே இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே இறங்குகிறது. நிலத்துக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 பாகை சூடு கூடும். அரைக் கிலோமீட்டராவது இறங்கிய நீர் வேறொரு பிளவு வழியே விரைவாக மேலேறி வருகிறது. மஹா ஓயா, மஹபெலெஸ்ஸ போன்ற இலங்கையின் மற்ற வெந்நீரூற்றுகளும் இப்படிப்பட்டவையே.

அந்த 40 பாகைக்கு உடலியலிலும் ஓர் இடமுண்டு. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு 40 முதல் 42.5 பாகை வரையான நீரில் பத்து நிமிடம் குளித்தால் தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வருகிறது. சூடான நீர் பட்டதும் கை கால்களின் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. குளித்து முடித்த பிறகு அவை உடலின் உள்வெப்பத்தை வெளியே கொட்டுகின்றன. உள்வெப்பம் இறங்குவதைத்தான் மூளை தூங்கும் நேரம் என்று புரிந்துகொள்கிறது. ஆக, தூக்கத்தைத் தருவது சூட்டைத் தொடர்ந்து வரும் குளிர்ச்சி. திருமலையின் கச்சான் இரவில் அந்தக் குளிர்ச்சி எங்கிருந்து வரும்? தோலில் ஒட்டிய நீர் ஆவியாவதிலிருந்து. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உடலில் தங்கிய 100 கிராம் நீர் முழுவதும் உடல் வெப்பத்தாலேயே ஆவியானால், 70 கிலோ எடையுள்ள ஒருவரின் வெப்பநிலையை ஒரு பாகை குறைக்க அது போதும். ஆனால் ஈரம் செறிந்து அடைத்துக்கிடக்கும் அறையில் நீர் ஆவியாகாது. ஆயிரக்கணக்கில் செலவழித்த ஷவரும் அங்கே புழுக்கத்தையே தரும். காற்று ஓடும் கிணற்றடியில் ஒரு வாளித் தண்ணீர் தந்த சுகத்தை அந்த அறை தராததன் காரணம் இதுதான்.

ஐரோப்பியப் புத்தகங்களைப் பார்த்து இங்கே குளியலறை அமைப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. குளிர்நாட்டில் வீட்டுக்குள் சூடு, வெளியே குளிர். குளியலறை நீராவி வெளிச்சுவரில் போய்க் குளிர்ந்து நீராகும். அதனால் அங்கே கவனமெல்லாம் வெளிச்சுவரின் மேல். திருமலையில் வெளிச்சுவர் ஒருபோதும் குளிர்வதில்லை. இங்கே குளிரும் சுவர் ஏசி போட்ட படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் நிற்கும் சுவர். 30 பாகையில் 75 விழுக்காடு ஈரப்பதன் உள்ள காற்று 25 பாகையைத் தொட்டதும் பனிக்கத் தொடங்கும். வெந்நீர்க் குளிப்பு முடிந்த அறையின் காற்றுக்கோ 29 பாகையே போதும். படுக்கையறையை 22 பாகையில் வைத்திருந்தால், நாலங்குலச் செங்கல் தடுப்பின் குளியலறைப் பக்கம் ஏறத்தாழ 27 பாகையில் நிற்கும் என்று கணக்கு சொல்கிறது. ஒவ்வொரு குளிப்பின் பின்னும் அந்தச் சுவர் வியர்க்கும். பழைய ஒன்றரை அடிச் சுவர் என்றால் வெப்பம் மெதுவாகவே கடக்கும், ஆபத்து மிகக் குறைவு. ஆனால் படுக்கையறைப் பக்கத்தில் வைனில் ஒட்டுத்தாளோ பளபளக்கும் எண்ணெய்ப் பெயின்ட்டோ இருந்தால், சுவரூடாக வரும் ஆவி அதன் பின்னால் சிக்கி நீராகும், பூஞ்சணம் பிடிக்கும். குளிரும் பக்கத்தை அடைக்கவே கூடாது. குளியலறையைப் பெரிய அறையின் ஒரு பகுதியைத் தடுத்து அமைக்காமல், பழைய தடித்த சுவருக்கு மறுபக்கத்தில் உள்ள சிறு அறையில் அமைப்பதே மேல் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காற்றுக்கு வழிவிடுவது இந்த ஊரில் எளிது. காற்று வரும் திசை தெரிந்தது: வாடை வடகிழக்கிலிருந்து, கச்சான் தென்மேற்கிலிருந்து, பகலில் கடற்காற்று. இரண்டு எதிர்ச்சுவர்களில் திறப்பு வைத்தால் ஆண்டில் பெரும்பாலான நாட்களில் மின்விசிறி வேண்டாம். பழைய வீடுகளின் உயர்ந்த கூரையும், சுவரின் உச்சியில் விடப்பட்ட காற்றுத் துவாரங்களும் இன்னொரு வேலையைச் செய்கின்றன. வெந்நீர் ஆவி இலேசானது. மேலேறித் துவாரத்தால் வெளியேறும், அதன் இடத்தைக் கதவின் அடியால் வரும் காற்று நிரப்பும். உயரம் கூடக் கூட இந்த இழுவையும் கூடும். அந்த உயரத்தைப் பொய்க்கூரை போட்டுப் பாதியாக்குவது, மூச்சுக்குழாயில் துணியை அடைப்பதற்குச் சமம். காற்றில்லாத இரவுகளுக்கும் மழைநாட்களுக்கும் ஈரப்பதன் உணரியோடு ஓர் எக்சோஸ்ட் ஃபேன் பொருத்தலாம், தவறில்லை. ஆனால் அது படுக்கையறையின் ஏசிக் காற்றையும் உறிஞ்சும், அதற்கு ஈடாக வெளியிலிருந்து ஈரக்காற்று வீட்டுக்குள் நுழையும். நடுக்கதவை இறுக்கமாகப் பொருத்திவிட்டு, ஃபேனுக்கான காற்று வெளியன்னலிலிருந்தே வரும்படி செய்ய வேண்டும்.

திறப்பு இன்னொரு நன்மையையும் தருகிறது; அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அமைதியைக் கெடுப்பது பெரும்பாலும் ஒலி. டைல்ஸ் பதித்த அறையில் குழாய்ச் சத்தம், வாளி வைக்கும் சத்தம், பக்கெட் மூடியின் சத்தம் எல்லாம் சுவருக்குச் சுவர் மோதி நீள்கின்றன. 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபம் ஒன்றில் பேச்சு புரியாமல் போனபோது, இளம் இயற்பியலாளர் வாலஸ் சபைன் அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஏற்றார். பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் எடுத்த அலகு, திறந்த யன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வருவதில்லை. பளபளப்பான டைல்ஸ் தன்மேல் விழும் ஒலியில் இரண்டு விழுக்காட்டைத்தான் உறிஞ்சும். மூன்று மீற்றர் நீளம், 2.4 மீற்றர் அகலம், 3.6 மீற்றர் உயரம் உள்ள அறை முழுவதும் டைல்ஸ் என்றால், அவருடைய சூத்திரப்படி ஒலி அடங்கக் கிட்டத்தட்ட நான்கு வினாடி ஆகும். ஒரு சதுர மீற்றர் திறப்பு வைத்தால் அது இரண்டு வினாடியாகக் குறையும். பலகைச் சட்டங்கள் சாய்ந்திருக்கும் பழைய யன்னலில் பாதிப் பரப்பே திறப்பு என்பதால், இரண்டு சதுர மீற்றர் யன்னல் அந்த வேலையைச் செய்யும். மரக்கூரையும் தொங்கும் துவாய்களும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அந்தரங்கமும் கெடாது: சாய்ந்த சட்டங்கள் காற்றை விடும், பார்வையை விடாது.

தரைக்கு என் தேர்வு சிவப்புச் சீமெந்து. 28 பாகையில் இருக்கும் பளிங்குக் கல்லும் மரப்பலகையும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கின்றன. ஆனால் பாதத்துக்குக் கல் குளிர்கிறது. கல் வெப்பத்தை வேகமாக இழுத்துப் பரப்பிவிடும். 33 பாகைப் பாதம் கல்லில் பட்ட கணத்தில் தொடுபரப்பு 30 பாகைக்குக் கீழே இறங்கும். மரத்தில் 31-க்கு மேலேயே நிற்கும். குளிர்நாட்டார் அதற்காகத் தரைக்கு அடியில் சூடேற்றும் கம்பி பதிக்கிறார்கள். நமக்கு அந்தக் குளிர்ச்சியே வரம். சிவப்புச் சீமெந்துத் தரையில் மூட்டுக்கோடுகள் இல்லை என்பதால் அழுக்கு தங்க இடமும் இல்லை. நனையும் மூலையில் மட்டும் மெருகேற்றாமல் சொரசொரப்பாக விட்டு, 60-க்கு ஒன்று என்ற வாட்டத்தில் வடிகாலுக்கு இறக்க வேண்டும். வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: விழித்திரையில் நீலநிற ஒளிக்கு விழித்துக்கொள்ளும் தனிக் கலங்கள் உண்டு என்பது 2002 அளவில் தெரிந்துவிட்டது. அவை மூளைக்குப் பகல் என்று சொல்பவை. எனவே இரவுக்கு மஞ்சள் விளக்கு, அதுவும் முழங்கால் உயரத்தில் இருந்தால் போதும்.

நீர் எங்கிருந்து வருகிறது என்பதை ஆடம்பரத்தின் பேரில் மறந்துவிடக் கூடாது. நகரக் குழாய்களில் வருவது கந்தளாய்க் குளத்து நீர். துறைமுகக் கரையோர வளவுகளில் கிணறும் இருக்கும். அந்த நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. பாடன் கைபன் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளரும் ஹெர்ட்ஸ்பெர்க் என்ற ஜேர்மானியரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட கணக்கு இது: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். கடல்நீர் நன்னீரைவிட நாற்பதில் ஒரு பங்கே கனமானது என்பதுதான் அதற்குக் காரணம். கணக்கு தலைகீழாகவும் வேலை செய்யும். மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிக் கிணற்றில் நீர்மட்டத்தை நிரந்தரமாக ஓர் அடி இறக்கிவிட்டால், உப்பு நாற்பதடி மேலே ஏறிவரப் பார்க்கும். பிறகு உங்கள் கிணறும் பக்கத்து வளவுக் கிணறும் சவர்த்துப் போகும். கரையோர வீட்டில் கிணற்று நீரால் பெரிய தொட்டியை நாள்தோறும் நிரப்புவது எனக்கு ஏற்புடையதல்ல. துலாவால் இறைத்த காலத்தில் கிணறு சவர்க்காமல் இருந்தது, ஒருநாளும் அவ்வளவு நீர் எடுக்கப்படாததால்தான்.

சூடாக்கும் செலவில் நாம் கொடுத்துவைத்தவர்கள். குழாய்நீரே 28 பாகையில் வருகிறது. 100 லீற்றரை 40 பாகைக்கு ஏற்ற 1.4 அலகு மின்சாரம் போதும். 10 பாகையில் நீர் வரும் ஊரில் அதற்கு மூன்றரை அலகு வேண்டும். சூரிய நீர்ச்சூடாக்கியும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நீர் நிறைந்த அந்தத் தாங்கியின் கனத்தைப் பழைய ஓட்டுக்கூரை வளைகளின் மேல் ஏற்றாமல் தனித் தூண்களில் நிறுத்த வேண்டும். தாங்கியில் நீரை 60 பாகையில் வைத்திருந்து, குழாய்க்கு வரும் இடத்தில் தணிநீர் கலந்து 40-க்கு இறக்குவதே சரி. வெதுவெதுப்பான தேக்கம் நோய்க்கிருமிகளுக்குப் பிடித்த வீடு.

இதே கனக் கணக்கு குளியல் தொட்டிக்கும் பொருந்தும். வார்ப்பிரும்புத் தொட்டி, நிறைந்த நீர், உள்ளே ஓர் ஆள் எல்லாம் சேர்ந்தால் 400 கிலோவை எட்டும், அதுவும் நான்கு சிறு கால்களில். வீட்டு மாடித் தளங்களுக்கு வழக்கமாகக் கணக்கிடும் சுமை ஒரு சதுர மீற்றருக்கு 150 கிலோ. மாடியில் மரத்தளம் உள்ள வீட்டில் பொறியியலாளர் ஒருவர் வளைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்காமல் தொட்டி ஏறக் கூடாது. கீழ்த்தளத்தில் தரையைத் தாழ்த்தி, வரம்பு கட்டி, சிவப்புச் சீமெந்திலேயே அமைத்த தொட்டி எனக்கு அதைவிட அழகாகப் படுகிறது.

குழாய் வகைகளில் கண்ணைப் பறிக்கும் குரோம் பூச்சு உப்புக் காற்றில் சில ஆண்டுகளில் கொப்புளிக்கும். சாதாரணத் துருப்பிடியா உருக்கிலும் குளோரைடு ஊசித்துளை போடும். 316 என்ற தரத்தில் இரண்டு மூன்று விழுக்காடு மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் அது தாக்குப்பிடிக்கும். பித்தளையில் உப்பு நாகத்தை மட்டும் அரித்துத் தின்று, இளஞ்சிவப்பான பஞ்சுபோன்ற செம்பை மிச்சம் வைக்கும். அதைத் தடுக்கக் கப்பற்காரர்கள் பித்தளையில் ஒரு விழுக்காடு வெள்ளீயத்தைச் சேர்த்தார்கள். கடற்படைப் பித்தளை என்றே அதற்குப் பெயர். மெருகு மங்கினாலும் உறுதி மங்காது. பழைய வீட்டுக்கு அந்த மங்கலே பொருத்தம். மரத்துக்கும் வெளியூர் போக வேண்டியதில்லை. சிங்களத்தில் ஹல்மில்ல என்று வழங்கும் மரம் உலக மரச்சந்தையில் திருகோணமலை மரம் என்றே விற்றது. சென்னைக் கடற்கரையின் மசூலாப் படகுகளுக்கும் அதை எடுத்தார்கள். அலையைத் தாங்கிய மரம் யன்னல் சட்டங்களுக்கும் கால் மிதிபலகைக்கும் தாராளமாகத் தாங்கும். பழைய கதவு யன்னல் விற்கும் இடங்களில் தேடினால் கிடைக்கலாம்.

கடைசியாகச் சுவரின் பூச்சு. ஷவர் மூலை தவிர்ந்த சுவர்களுக்குச் சுண்ணாம்பே போதும் என்றால், நனையாதா என்று கேட்பார்கள். மொரோக்கோவின் மராகேஷ் நகரில் பொது வெந்நீர்க் குளியலிடங்களின் சுவரே சுண்ணாம்புதான். பூச்சு இறுகும் முன் வழுவழுப்பான கல்லால் தேய்த்து அழுத்தி, ஒலிவ எண்ணெய்ச் சவர்க்காரக் கரைசலைப் பூசுகிறார்கள். சவர்க்காரமும் சுண்ணாம்பும் வினைபுரிந்து நீரில் கரையாத கல்சியச் சவர்க்காரமாகித் துளைகளின் வாயில் படிகிறது. நீர்த்துளி உருண்டு ஓடும், ஆவி மட்டும் ஓரளவு கடக்கும். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடிபோன்ற சுண்ணாம்புச் சுவர்களும் அழுத்தித் தேய்க்கும் அதே கைவேலையின் பிள்ளைகளே. நம்மூர்ச் சாந்தில் பனங்கட்டி நீரும் கடுக்காய் நீரும் சேர்த்ததை மூத்த மேசன்மார் இன்னும் சொல்வார்கள். முன்பு சுண்ணாம்புக்காகக் கடலில் முருகைக்கல் வெட்டிச் சுட்டார்கள். 1988-இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தம் அதைத் தடைசெய்தது, மிக நியாயமாக. இப்போது உள்நாட்டுச் சுண்ணக்கல்லை நீற்றிய சுண்ணாம்பு வாங்கலாம்.

பூசிய பிறகு பொறுமை வேண்டும். சுண்ணாம்பு காய்ந்து இறுகுவதில்லை. காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்து மறுபடி கல்லாகிறது, அதுவும் மாதத்துக்கு ஒரு மில்லிமீற்றர் போன்ற வேகத்தில். வாடைக்காலத்து ஈரத்திலும் அது நடக்காது, கச்சானின் வெக்கையிலும் நடக்காது; வெக்கையில் பூச்சு நீரை இழந்து வெடிக்கும். மாசி பங்குனியில் தொடங்கி, நனைத்த சாக்கை மூடிக் காத்து, ஒரு மாதமாவது குளிக்காமல் விட்டுவைத்தால் நன்று. வீட்டுக்காரர் துப்புரவு செய்பவரிடம் சொல்லிவைக்க வேண்டியதும் ஒன்று உண்டு. கொமட் கழுவும் திரவத்தில் இருப்பது அமிலம், அதன் ஒரு துளி பட்டாலும் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். சுவருக்கு வெறும் சவர்க்காரத் தண்ணீரே போதும்; ஒவ்வொரு முறை கழுவும்போதும் கல்சியச் சவர்க்காரம் இன்னும் கொஞ்சம் படிகிறது.